பொறியில் சிக்கிய அயனியின் ஆயுளை அளப்பது

இந்த அத்தியாயத்தில் வரும் கருவி தென்காசி மாவட்டத்தில் எங்கும் கிடையாது. கடையநல்லூரில் பஸ் ஏறி, தெற்கே திருநெல்வேலி போனாலும் வடக்கே மதுரை போனாலும் பார்க்கக் கிடைக்காது. பிறகு எதற்கு இதைப் படிக்க வேண்டும் என்று எம்.எஸ்சி. மாணவர்கள் கேட்பது நியாயம்தான். இந்த அளவீட்டில் கருவிக்கு எவ்வளவு பங்கு உண்டோ, அளப்பவரின் சந்தேக புத்திக்கும் அவ்வளவு பங்கு உண்டு. கருவியை வாங்கக் கோடிகள் வேண்டும். சந்தேகப்படப் பழகுவதற்கு ஒரு செயற்கை ரூபிக் கல்லும் ஒரு பச்சை எல்.இ.டி.யும் போதும். முதலில் பெரிய கருவியைப் பார்ப்போம், பிறகு ரூபிக்கு வருவோம்.

எதை அளக்கிறோம்

ஆர்கான் அணுவில் 18 எலக்ட்ரான்கள். அதில் 13-ஐ உரித்துவிட்டால் 5 மிஞ்சும். போரானிலும் அதே 5 என்பதால் இதைப் போரான் வகை அயனி என்பார்கள். நான்கு எலக்ட்ரான்கள் ஜோடி சேர்ந்து உள்ளே நிறைந்துவிட, 2பி கூட்டில் ஒன்று மட்டும் தனியாக நிற்கும். அதன் தற்சுழற்சியும் சுற்றுப்பாதைச் சுழற்சியும் ஒரே பக்கம் சேர்ந்தால் மொத்தக் கோண உந்தம் 3/2, எதிரெதிராக நின்றால் 1/2. சாதாரண போரான் அணுவில் இந்த இரு நிலைகளுக்கும் இடைவெளி மிகமிகச் சிறியது. அதன் ஒளி தொலை அகச்சிவப்பில் விழும். அயனியின் மின்னேற்றம் கூடக்கூட இடைவெளி வேகமாக விரிகிறது. ஆர்கான் 13+ அயனியில் அது கண்ணுக்குத் தெரியும் ஒளிக்கே வந்துவிடுகிறது: 441.3 நானோமீட்டர், ஊதா கலந்த நீலம்.

இரு நிலைகளுக்கும் பாரிட்டி ஒன்றே. ஆகவே வழக்கமான மின் இருமுனை மாற்றத்துக்கு இங்கே வழியில்லை. காந்த இருமுனை மாற்றம் என்ற குறுகலான வாசல் மட்டும் திறந்திருக்கிறது. பாடப்புத்தகங்கள் இப்படிப்பட்ட கோடுகளைத் தடை செய்யப்பட்ட கோடுகள் என்று சொல்லும். நடப்பதற்கு அதிக நேரம் பிடிக்கும், அவ்வளவுதான். எவ்வளவு நேரம் என்பதை நீங்களே போட்டுப் பார்க்கலாம். காந்த இருமுனை மாற்றத்தின் வீதம் விநாடிக்கு 2.697 × 10¹³ × கோட்டு வலிமை ÷ (மேல்நிலையின் எடை × அலைநீளத்தின் மும்மடி). அலைநீளத்தை ஆங்ஸ்ட்ராமில் போட வேண்டும். இந்த மாற்றத்துக்குக் கோட்டு வலிமை 4/3, எடை 4, அலைநீளம் 4413. விடை விநாடிக்குச் சுமார் 104.6. அதைத் தலைகீழாக்கினால் 9.56 மில்லிசெகண்ட். மின் இருமுனை வழி திறந்திருக்கும் நிலைகள் நானோ செகண்டிலும் அதற்குள்ளும் காலியாகிவிடும் என்பதை நினைத்துக்கொண்டால், ஏறக்குறைய பத்து மில்லிசெகண்ட் என்பது அணு உலகில் எத்தனை நீண்ட ஆயுள் என்று புரியும்.

இந்த 9.56-ஐ ஒரு தாளில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். கடைசியில் தேவைப்படும்.

புதுக்கோட்டையில் தெரிந்த பச்சை வளையம்

இந்த வகை ஒளிக்கும் நம் ஊர்களுக்கும் பழைய தொடர்பு உண்டு. 1869 ஆகஸ்ட் 7 முழு சூரிய கிரகணத்தின்போது அமெரிக்காவில் சார்லஸ் யங், வில்லியம் ஹார்க்னஸ் இருவரும் சூரியனின் ஒளிமகுடத்தில், அதாவது கொரோனாவில், ஒரு பச்சைக் கோட்டைக் கண்டார்கள். எந்தத் தனிமத்தின் கோட்டோடும் அது பொருந்தவில்லை. இரண்டு ஆண்டு கழித்து, 1871 டிசம்பர் 12 அன்று, முழு கிரகணத்தின் நிழல் தென்னிந்தியாவின் குறுக்கே ஓடியது. நார்மன் லாக்யர் மலபார்க் கரையில் பேக்கல் பக்கம் முகாமிட்டார். பிரெஞ்சுக்காரர் ஜான்சன் நீலகிரிக்குப் போனார். இத்தாலியர் லொரென்சோ ரெஸ்பிகி வந்து இறங்கியது புதுக்கோட்டையில். அவர் தொலைநோக்கிக்கு முன்னால் முப்பட்டகத்தை வைத்தார், பிளவு வைக்கவில்லை. பிளவு இருந்தால் கோடு தெரியும். இல்லாவிட்டால் ஒளி எந்த வடிவத்திலிருந்து வருகிறதோ அந்த வடிவமே ஒவ்வொரு நிறத்திலும் தனித்தனியாகத் தெரியும். ரெஸ்பிகிக்கு அந்தப் பச்சை, சூரியனைச் சுற்றி ஒரு வளையமாகத் தெரிந்தது.

கொரோனியம் என்றொரு புதுத் தனிமம் இருப்பதாகப் பல பத்தாண்டுகள் நம்பினார்கள். 1939-இல் வால்டர் குரோட்ரியான் ஒரு துப்புக் கொடுக்க, 1940-களின் தொடக்கத்தில் ஸ்வீடனின் பெங்ட் எட்லென் புதிரை முடித்துவைத்தார். அது 13 எலக்ட்ரான்களை இழந்த இரும்பு. இரும்பிலிருந்து அத்தனை எலக்ட்ரான்களை உரிக்க வேண்டுமானால் கொரோனாவின் வெப்பம் பத்து லட்சம் டிகிரியைத் தாண்டியிருக்க வேண்டும். சூரியனின் மேற்பரப்போ ஆறாயிரம் டிகிரிக்கும் குறைவு.

இரும்பு 13+ அயனியிலும் அதே கதைதான், ஒரு கூடு தள்ளி: 3பி-யில் ஒற்றை எலக்ட்ரான், அதே 3/2, அதே 1/2, அலைநீளம் 530.3 நானோமீட்டர். மேலே சொன்ன சூத்திரத்தில் 5303 போடுங்கள், 16.6 மில்லிசெகண்ட் வரும். பூமியில் எந்தத் தீயிலும் மின்பொறியிலும் இந்தக் கோடு ஏன் தெரியவில்லை என்பதற்கும் இதிலேயே விடை இருக்கிறது. நெருக்கமான வாயுவில் 16 மில்லிசெகண்ட் வரை ஒரு அயனியை யாரும் இடிக்காமல் விடமாட்டார்கள். கொரோனாவின் உள்பகுதியில் கன சென்டிமீட்டருக்கு எலக்ட்ரான்கள் 10⁸, 10⁹ என்ற அளவில்தான் உண்டு. அங்கே இடிபடாமல் ஒளியை விட முடிகிறது.

2023 செப்டம்பர் 2 அன்று ஏவப்பட்ட ஆதித்யா எல்-1 விண்கலத்தில், இந்திய வானியற்பியல் நிறுவனம் செய்த ஒளிமகுட வரைவி இருக்கிறது. அது பார்க்கும் அலைநீளங்களில் ஒன்று இந்த 530.3. திட்ட இயக்குநர் நிகர் ஷாஜி செங்கோட்டைக்காரர். கடையநல்லூரிலிருந்து அரை மணி நேரப் பயண தூரம். ஆயுட்காலத்தைத் துல்லியமாக அளந்தால் இப்படிப்பட்ட கருவிகளுக்கு என்ன லாபம் என்று கேட்டால், எல்லா இடத்திலும் லாபம் இல்லை. அடர்த்தி மிகக் குறைந்த இடத்தில் கிளர்ந்த அயனி எப்படியும் ஒரு ஒளித்துகளை விட்டே தீரும். சீக்கிரம் விட்டாலும் மெதுவாக விட்டாலும் மொத்த வெளிச்சம் ஒன்றுதான். இடிபடும் வேகமும் ஒளி விடும் வேகமும் போட்டி போடும் அடர்த்தியில்தான் ஆயுட்காலம் கணக்குக்குள் வருகிறது. கோடுகளின் வெளிச்ச விகிதத்திலிருந்து கொரோனாவின் அடர்த்தியைக் கணக்கிடுகிறவர்களுக்கு அது அத்தியாவசியம். ஆனால் இந்த அளவீட்டைச் செய்கிறவர்களில் பலர் சூரியனுக்காகச் செய்வதில்லை. குவாண்டம் கோட்பாட்டைச் சோதிக்கவே செய்கிறார்கள்.

எதற்குப் பொறி

வேகமாக ஓடும் அயனிகளை ஒரு மெல்லிய கார்பன் தாளின் வழியே செலுத்தி, தாளுக்குப் பின்னால் எவ்வளவு தூரத்தில் ஒளி மங்குகிறது என்று பார்ப்பது பழைய முறை. தூரத்தை வேகத்தால் வகுத்தால் ஆயுள். டெல்லியில் உள்ள இன்டர் யூனிவர்சிட்டி ஆக்சிலரேட்டர் சென்டரின் பெல்லட்ரானில் இந்த முறையில் ஆயுட்காலம் அளந்திருக்கிறார்கள். பிகோ செகண்ட், நானோ செகண்ட் ஆயுளுக்கு இது அருமையான முறை. நம்முடைய ஆர்கான் அயனியோ ஒளிவேகத்தில் இருபதில் ஒரு பங்கு வேகத்தில் ஓடினால், தன் சராசரி ஆயுளுக்குள் 140 கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். தாளைக் கடையநல்லூரில் வைத்தால் ஒளியை மதுரையில் போய்த் தேட வேண்டும். அதனால்தான் அயனியை ஓட விடாமல் ஓரிடத்தில் பிடித்து வைக்கிறார்கள்.

அப்படிப் பிடித்து வைப்பது எலக்ட்ரான் கற்றை அயனிப் பொறி. வேர் ரஷ்யாவின் துப்னாவில், எவ்கெனி தோனெத்ஸ் 1960-களில் தொடங்கிய அயனி மூலத்தில் இருக்கிறது. பொறி வடிவம் 1980-களின் நடுவில் அமெரிக்காவின் லாரன்ஸ் லிவர்மோர் ஆய்வகத்தில் பிறந்தது. இந்த அத்தியாயத்தில் வரும் முக்கிய அளவீடுகள் ஜெர்மனியின் ஹைடல்பர்க்கில், மாக்ஸ் பிளாங்க் அணுக்கரு இயற்பியல் நிறுவனத்துப் பொறியில் நடந்தவை.

வேலை இப்படி நடக்கிறது. மீக்கடத்திச் சுருளின் பல டெஸ்லா காந்தப்புலம், எலக்ட்ரான் கற்றையை முடி போல மெலிதாக நெருக்குகிறது. உள்ளே சிறிதளவு ஆர்கான் வாயுவை விடுகிறோம். கற்றை அணுக்களை இடித்து எலக்ட்ரான்களை ஒவ்வொன்றாக உரிக்கிறது. உரிபட்ட அயனிகளைப் பக்கவாட்டில் ஓடவிடாமல் பிடிப்பது கற்றையின் எதிர் மின்னேற்றமே. நீளவாக்கில் பிடிப்பது இரு முனைகளிலும் உள்ள குழாய்களுக்குக் கொடுத்த மின்னழுத்தம். கற்றையின் ஆற்றலைத் தேர்ந்தெடுப்பதில் ஒரு சூட்சுமம் உண்டு. 12+ அயனியை 13+ ஆக்க 686 எலக்ட்ரான் வோல்ட் வேண்டும். 13+ அயனியை 14+ ஆக்க 756 வேண்டும். கற்றையின் ஆற்றல் இந்த இரண்டுக்கும் இடையில் இருந்தால் அயனிகள் 13+ வரை ஏறி அங்கேயே நின்றுவிடும். இதன் முழுப் பயன் அடுத்த பகுதியில் தெரியும்.

கற்றை ஓடும்போது அயனிகள் ஓயாமல் இடிபட்டுக் கிளர்ந்து, 441.3-இல் ஒளிர்ந்துகொண்டே இருக்கும். திடீரென்று கற்றையை நிறுத்துகிறோம். இனிப் புதிதாகக் கிளர்த்த ஆளில்லை. பக்கவாட்டுப் பிடிமானத்தைக் காந்தப்புலம் ஏற்றுக்கொள்கிறது. ஏற்கெனவே கிளர்ந்திருந்த அயனிகள் ஒவ்வொன்றாக ஒளியை விட்டு இறங்க, வெளிச்சம் மங்குகிறது. லென்ஸ், அந்த நிறத்தை மட்டும் விடும் குறுக்கீட்டு வடிகட்டி, ஃபோட்டோமல்டிபிளையர் குழாய். ஒவ்வொரு ஒளித்துகளும் வந்த நேரத்தைக் குறித்துக்கொண்டே போகிறோம். மங்கி முடிந்ததும் மறுபடி கற்றையை ஓட்டுகிறோம். இதே சுற்றை ஆயிரமாயிரம் தடவை நடத்திக் கூட்டினால் ஒரு மங்கல் வரைகோடு கிடைக்கும்.

மங்குவதற்கு வேறு காரணங்கள்

வரைகோடு கிடைத்தவுடன் அதில் ஒரு அடுக்குக்குறிச் சார்பைப் பொருத்தி, வந்த எண்ணை ஆயுட்காலம் என்று எழுதுகிறவர் இந்தத் துறையில் பிழைக்க மாட்டார். குழாய்க்கு வரும் வெளிச்சம் குறைவதற்கு, அயனி தானாக ஒளியை விட்டு இறங்குவது ஒரு காரணம். அயனியே காணாமல் போவது இன்னொரு காரணம். வரைகோட்டில் இரண்டும் ஒரே மாதிரி தெரியும். நீங்கள் அளப்பது எப்போதும் வீதங்களின் கூட்டுத்தொகை. உங்களுக்கு வேண்டியதோ அதில் ஒன்று மட்டும்.

முதல் எதிரி மிச்ச வாயு. அதிக மின்னேற்றம் கொண்ட அயனி, பக்கத்தில் வரும் எந்த மூலக்கூறிடமிருந்தும் எலக்ட்ரானைப் பிடுங்கிக்கொள்ளும். 13+ இனி 12+, 441.3-இல் ஒளிராது. இந்தப் பிடுங்கலின் வீத மாறிலி விநாடிக்குச் சுமார் 10⁻⁸ கன சென்டிமீட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள். பொறிக்குள் அழுத்தம் 10⁻⁸ மில்லிபார் என்றால், அறை வெப்ப நிலைக் கணக்கில் கன சென்டிமீட்டருக்கு ஏறக்குறைய 2.4 × 10⁸ மூலக்கூறுகள். பெருக்கினால் விநாடிக்கு 2.4. நம் மாற்ற வீதம் 104.6 என்பதால் பிழை இரண்டு சதவீதத்துக்கும் மேல். ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியம் வேண்டுமானால் அழுத்தம் 4 × 10⁻¹⁰ மில்லிபாருக்குக் கீழே இறங்க வேண்டும். பொறியின் நடுப்பகுதியைத் திரவ ஹீலியத்தின் குளிரில் வைப்பதால் சுவர்களே வாயுவை உறிஞ்சிக்கொள்ளும். ஆனால் நாமே விடும் ஆர்கான் வாயுவைப் பற்றித்தான் கவலை. செய்ய வேண்டியது, வாயு வரத்தைக் கூட்டியும் குறைத்தும் பல அழுத்தங்களில் அளந்து, அழுத்தம் பூச்சியமானால் என்ன வரும் என்று கோட்டை நீட்டிப் பார்ப்பது. மேற்சொன்ன கணக்கை அப்படியே கழித்துவிட்டுப் போகாதீர்கள். பொறிக்குள் உள்ள அழுத்தமானியை அந்த அளவுக்கு நம்ப முடியாது.

இரண்டாவது, பொறி ஒழுகுவது. வெப்பமான அயனிகள் மின்னழுத்தச் சுவரைத் தாண்டி வெளியே போய்விடும். இதைக் கண்டுபிடிக்க முனைக் குழாய்களின் மின்னழுத்தத்தை மாற்றி மாற்றி அளக்க வேண்டும். பள்ளத்தை ஆழமாக்கினால் ஆயுள் நீள்வதுபோல் தெரிந்தால் ஒழுகல் உண்டு என்று பொருள். எவ்வளவு ஆழமாக்கினாலும் எண் அசையவில்லை என்ற இடத்துக்கு வந்த பிறகே மேற்கொண்டு போகலாம்.

மூன்றாவது பலருக்குத் தோன்றாதது. கற்றை நின்ற கணத்தில் அயனி மேகத்தை நெருக்கிக்கொண்டிருந்த எதிர் மின்னேற்றமும் போய்விடுகிறது. மேகம் சற்று விரிகிறது. லென்ஸ் பார்க்கும் பரப்புக்கு வெளியே ஒரு பகுதி போனால் வெளிச்சம் குறையும். அயனி என்னவோ உள்ளேதான் இருக்கிறது. அதனால் பொருத்தலைக் கற்றை நின்ற கணத்திலேயே தொடங்கக் கூடாது. தொடக்க நேரத்தை அரை மில்லிசெகண்ட், ஒன்று, இரண்டு என்று தள்ளிக்கொண்டே போய், விடை நிலைகொள்கிறதா என்று பாருங்கள்.

இதுவரை சொன்ன மூன்றும் ஆயுளைக் குறைத்துக் காட்டுபவை. கூட்டிக் காட்டுபவையும் உண்டு. மேலே இருக்கும் வேறு நீண்ட ஆயுள் நிலைகளிலிருந்து அயனிகள் சொட்டுச் சொட்டாக 3/2 நிலைக்கு இறங்கிக்கொண்டிருந்தால் வெளிச்சம் மெதுவாக மங்கும். போரான் வகை அயனியைத் தேர்ந்தெடுப்பதற்கு இதுவே பெரிய காரணம்: அதன் மேல்நிலைகள் மில்லிசெகண்டோடு ஒப்பிட்டால் கண நேரத்தில் காலியாகிவிடும். இன்னொரு வழி, 14+ அயனிகள் வாயுவிடமிருந்து எலக்ட்ரானைப் பிடுங்கி 13+ ஆக மாறி, மாறும்போதே கிளர்ந்த நிலையில் பிறப்பது. கற்றையின் ஆற்றலை 756-க்குக் கீழே வைத்ததன் பயன் இங்கே. 14+ இல்லாவிட்டால் அந்தக் கவலையும் இல்லை.

எண்ணும் வேலை

ஆயிரத்தில் ஒரு பங்கு துல்லியத்துக்குப் பின்னணி இல்லாத நல்ல நிலையிலேயே பத்து லட்சம் ஒளித்துகள் எண்ண வேண்டும். பின்னணி இருந்தால் இன்னும் அதிகம். பின்னணிக்குக் குறைவே இருக்காது: குழாயின் இருட்டு எண்ணிக்கை, எங்கிருந்தோ கசியும் வெளிச்சம், எலக்ட்ரான் துப்பாக்கியின் சூடான கேதோடு வீசும் செந்நிற ஒளி. கேதோடு கற்றை நின்ற பிறகும் சூடாகவே இருக்கும். ஆகவே ஒவ்வொரு சுற்றிலும் வரைகோட்டின் வாலை ஆயுளின் பல மடங்கு நீளத்துக்கு எடுங்கள். ஐந்து ஆயுள் கழிந்தும் 0.7 சதவீதம் போல மிச்சமிருக்கும். அதைப் பின்னணி என்று எண்ணிவிட்டால் விடை கெட்டுப்போகும்.

பொருத்தும்போது எக்செல்லில் மடக்கை எடுத்து நேர்கோடு போடும் பழக்கத்தை விட்டுவிடுங்கள். வாலில் எண்ணிக்கை நாலு, ஐந்து என்று இருக்கும்போது பிழை சமச்சீராக இருக்காது. சாதாரண மீச்சிறு வர்க்க முறை கோட்டைக் கீழே இழுத்துவிடும். பாய்சான் பரவலுக்கான பெரும நிகழ்தகவு முறையைப் பயன்படுத்துங்கள். பைத்தானில் இருபது வரி போதும்.

நம் ஊருக்கென்றே இரண்டு எச்சரிக்கைகள். ஒன்று மின்சாரம். 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் எரியும் பழைய டியூப்லைட் விநாடிக்கு 100 தடவை மினுக்கும். அதாவது 10 மில்லிசெகண்டுக்கு ஒரு தடவை, நாம் அளக்கும் ஆயுளோடு கிட்டத்தட்ட ஒத்துப்போகும் காலம். கசியும் வெளிச்சம் துளியூண்டு இருந்தாலும் வரைகோட்டில் அலையாக ஏறும். உங்கள் சுற்று 50 மில்லிசெகண்ட் என்றால் அந்த அலை ஒவ்வொரு சுற்றிலும் ஏறக்குறைய ஒரே இடத்தில் விழுந்து கூடிக்கொண்டே போகும். 43, 59 என்று 10-இன் மடங்காக இல்லாத காலத்தை எடுத்தால் அலைகள் ஒன்றையொன்று அடித்துவிடும். இரண்டாவது, குற்றாலச் சாரல். ஜூன், ஜூலையில் மலைப்பக்கக் காற்றில் ஈரம் ஏறும். ஃபோட்டோமல்டிபிளையரின் அடிப்பகுதியில் ஆயிரம் வோல்ட் போல நிற்கிறது. ஈரம் படிந்த பீங்கானிலும் பிளாஸ்டிக்கிலும் மின்னோட்டம் கசிந்து போலி எண்ணிக்கை கூடும். சிலிக்கா ஜெல் பொட்டலத்தோடு மூடிய பெட்டியில் குழாயை வையுங்கள். அளவு எடுக்கும் முன் மூடியைப் போட்டு இருட்டு எண்ணிக்கையைக் குறித்து வையுங்கள், முடித்த பிறகும் அப்படியே.

ரூபிக் கல்லில் பழகுவது

ரூபியில் உள்ள குரோமியம் அயனி பச்சை ஒளியை விழுங்கி, 694.3 நானோமீட்டரில் சிவப்பாக ஒளிரும். அந்த நிலையின் ஆயுள் அறை வெப்பத்தில் 3 முதல் 4 மில்லிசெகண்ட். இதுவும் தடை செய்யப்பட்ட மாற்றம்தான், காரணம் வேறு என்றாலும். ஆகவே ஆர்கான் அயனிக்குச் செய்யும் நேர அளவீட்டை அப்படியே கல்லூரி ஆய்வகத்தில் ஒத்திகை பார்க்கலாம்.

செயற்கை ரூபி நகைக்கல் விற்கும் கடைகளில் மலிவாகக் கிடைக்கும். சிவப்புக் கண்ணாடியைக் கொடுத்து ஏமாற்றுவார்கள் என்பதால், பச்சை எல்.இ.டி. ஒளியில் வைத்துச் சிவப்பு ஜெலட்டின் தாள் வழியே பார்த்து வாங்குங்கள். ரூபி தணல் போல ஒளிரும், கண்ணாடி இருட்டாக இருக்கும். எல்.இ.டி.யை ஓட்டவும் அளவு எடுக்கவும் ‘எக்ஸ்பெய்ஸ்’ கருவி போதும். மேலே சொன்ன டெல்லி மையமே கல்லூரிகளுக்காக உருவாக்கிய மலிவுக் கருவி இது. அதன் சதுர அலையால் எல்.இ.டி.யை அணைத்து அணைத்து ஏற்றுங்கள்: விநாடிக்கு 17 அல்லது 23 தடவை, 20 வேண்டாம். காரணம் மேலே சொன்னதுதான். கல்லுக்கு அந்தப் பக்கம் இரண்டு மடிப்புச் சிவப்புத் தாள், அதற்குப் பின் ஒரு போட்டோடையோடு, அதன் குறுக்கே ஒரு ரெசிஸ்டர்.

இந்த ரெசிஸ்டரில்தான் பாடம் இருக்கிறது. சமிக்ஞை சிறிது என்று 100 மெகாஓம் போடத் தோன்றும். பிபிடபிள்யூ34 போன்ற டையோடின் கொள்ளளவு, எதிர்மின்னழுத்தம் கொடுக்காதபோது சுமார் 70 பிகோஃபாரட். பெருக்குங்கள்: 7 மில்லிசெகண்ட். திரையில் அழகான அடுக்குக்குறி வரைகோடு வரும், ஆயுள் 7-க்கும் மேல் என்று காட்டும், நீங்கள் அளந்தது சுற்றின் ஆயுளை. 1 மெகாஓம் போட்டால் 0.07 மில்லிசெகண்ட், கவலையில்லை. சமிக்ஞை சிறுத்துப்போகும், அதைச் சராசரி எடுத்து ஈடுகட்டுங்கள். எந்த ரெசிஸ்டர் போட்டாலும், முதலில் கல்லையும் தாளையும் எடுத்துவிட்டு எல்.இ.டி. ஒளியை நேரே டையோடில் விழச் செய்து, சுற்று எவ்வளவு நேரத்தில் இறங்குகிறது என்று அளந்து நோட்டில் எழுதுங்கள். அதன் பிறகே கல்.

பெரிய கல்லிலும் சிறிய கல்லிலும் அளந்தால் விடை வேறாக வரலாம். ஒரு குரோமியம் விட்ட ஒளியை இன்னொரு குரோமியம் விழுங்கி மறுபடி விடுவதால், பெரிய கல்லில் ஒளி வெளியேறத் தாமதமாகும். அந்த வேறுபாட்டைக் குறை என்று தள்ளாமல் தனியாக ஒரு அட்டவணை போடுங்கள். நல்ல திட்டக் கட்டுரைக்கு அது ஒன்றே போதும்.

9.573

ஹைடல்பர்க் குழு 2005-இல் வெளியிட்ட ஆர்கான் 13+ விடை 9.573 மில்லிசெகண்ட், புள்ளியியல் பிழை 0.004, முறைப்பிழை 0.005. தாளில் எழுதிய 9.56-க்கு மிக நெருக்கம். மகிழ்ந்துவிட வேண்டாம். அந்த எளிய சூத்திரம் எலக்ட்ரானின் ஜி-காரணியைச் சரியாக 2 என்று எடுத்துக்கொள்கிறது. உண்மையில் அது 2.00232. இந்தச் சிறு கூடுதல், மாற்ற வீதத்தை 0.46 சதவீதம் உயர்த்தும், ஆயுள் 0.04 மில்லிசெகண்ட் போலக் குறைய வேண்டும். இதைச் சேர்த்த கோட்பாட்டுக் கணக்குகள் அளவீட்டைவிடச் சிறிய எண்களையே தந்தன. இடைவெளி அளவீட்டுப் பிழையைப் போல மூன்று மடங்கு. 2007-இல் அதே பொறியில் இரும்பு 13+ அளந்தபோது 16.726 மில்லிசெகண்ட் வந்தது. நம் சூத்திரத்தின் 16.6-ஐவிட அதிகம், ஜி-காரணித் திருத்தம் போட்டால் இடைவெளி இன்னும் கூடும்.

இப்போது மேலே சொன்ன எதிரிகளின் வரிசையைத் திரும்பப் பாருங்கள். வாயு, ஒழுகல், மேகம் விரிவது மூன்றும் ஆயுளைக் குறைத்துத்தான் காட்டும். அவற்றில் எதையாவது கவனிக்காமல் விட்டிருந்தால் உண்மையான ஆயுள் இன்னும் நீளம், கோட்பாட்டிலிருந்து இன்னும் தூரம். வழக்கமான சந்தேகங்களைச் சொல்லி இந்த வேறுபாட்டைத் தள்ளிவிட முடியாமல் போனதற்கு அதுவே காரணம். அளவீட்டைக் குறை சொல்ல விரும்புகிறவர், ஆயுளைக் கூட்டிக் காட்டும் ஒன்றைக் கண்டுபிடிக்க வேண்டும்.

இரும்பின் விடையை எழுதிய விதத்தையும் கவனியுங்கள்: மேல்பக்கப் பிழை 0.020, கீழ்ப்பக்கப் பிழை 0.010. ஒரே பக்கமாக மட்டும் தள்ளக்கூடிய பிழைகள் இருக்கும்போது இரண்டு பக்கத்துக்கும் ஒரே எண்ணைப் போடக் கூடாது. உங்கள் ரூபி அட்டவணையிலும் அப்படியே எழுதுங்கள். சுற்றின் தாமதமும் பெரிய கல்லின் மறுவிழுங்கலும் ஆயுளைக் கூட்டியே காட்டும் என்பதால், அங்கே கீழ்ப்பக்கப் பிழை பெரிதாக இருக்க வேண்டும்.